காசிமேடு வந்தால்தான் பாட்டு வரும்

"சிஸ்டர், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பிரவீன் கேட்டார். ராயபுரத்தில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருப்பவர். சவுண்ட் இன்ஜினியர், ஓனர், ஏ.சி. மெக்கானிக் எல்லாம் அவர் ஒருவரே. நான் காதில் ஹெட்போனும் எதிரே மைக்குமாக, நானே எழுதி நானே மெட்டுப் போட்ட பாட்டை முதல் தடவை முழுசாகப் பாடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். 'பிரமாதம்' என்று சொல்லப் போகிறார்... வேறென்ன?

"கேளுங்க" என்றேன், பெருந்தன்மையாக.

"இந்தப் பாட்டுல வர்ற பொம்பள கொழம்ப மறந்துடுறா. பூட்ட மறந்துடுறா. டிபன மாத்தி எடுத்துகினு வந்துடுறா. கடைசில லீவு நாளையே மறந்துடுறா. ஒரே ஆளு இவ்ளோத்த மறந்தா, அவள ஸ்டுடியோவுக்கு இட்டாரக் கூடாது சிஸ்டர்... டாக்டராண்ட காட்டணும்."

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மைக்கைக் கழற்றி... வேண்டாம், அதன் விலையை அவர் முன்பே சொல்லியிருந்தார்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் கதை தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி. வாரத்தில் ஆறு நாள் எண்ணூர் தாண்டி ஒரு ஃபேக்டரியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டி அனுப்புகிற டெஸ்பாட்ச் வேலை. மிச்ச நேரத்தில் பாட்டு. செல்போனில் பாடி நெட்டில் போடுவேன். நூறு பேர் கேட்பார்கள், அதில் பாதிப் பேர் என் உறவுக்காரர்கள். ஸ்டுடியோவுக்குள் கால் வைத்தது இதுதான் முதல் தடவை.

அந்தப் பாட்டு பிறந்த இடம் ஸ்டுடியோ அல்ல. எங்கள் கம்பெனி வேன்.

காலையில் கல்மண்டபத்தில் முதலில் ஏறுபவள் நான். அப்புறம் காசிமேட்டில் ஸ்டெல்லா அக்கா. டோல்கேட்டில் செல்வி. தேரடியில் மும்தாஜ் அக்கா. கடைசியாக எர்ணாவூரில் காஞ்சனா. ஆக ஐந்து ஸ்டாப், ஐந்து பேர். ஓட்டுபவர் சேகர் அண்ணன். முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவர். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு ஸ்டாப் வரும்போதும் ஊர்ப் பெயரைச் சத்தமாகக் கூவுவார். நிற்பது ஒரே ஒரு பெண்தான், அவளுக்கும் அது தன் ஊர் என்று தெரியும், இருந்தாலும் கூவுவார். "காசிமேடு! காசிமேடு!" இதைத் தவிர அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

எட்டு மாதம் முன்பு ஒரு நாள் ஸ்டெல்லா அக்கா அழுகிற முகத்தோடு வேனில் ஏறினார். அவர் வீட்டுக்காரர் மீன்பிடி போட்டில் கடலுக்குப் போகிறவர். முதல் நாள் நல்ல வஞ்சிரம் கிடைத்திருக்கிறது. வேனில் இருக்கிற எல்லோருக்குமாக, விடிவதற்கு முன்னால் எழுந்து குழம்பு வைத்திருக்கிறார். வைத்த குழம்பை டப்பாவில் ஊற்ற மறந்து, அடுப்பு மேலேயே விட்டுவிட்டு, காலி டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் சும்மா ஒரு மெட்டில் கேட்டேன்: "இன்னாத்த மறந்த... ஏறினவளே சொல்லு, இன்னாத்த மறந்த?"

அக்கா என்னை முறைத்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, அதே மெட்டில் பதில் சொன்னார்.

"அடுப்பு மேல வஞ்சிரக் கொழம்பு... 
டப்பா மட்டும் கையில கீது!"

பாடி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. டோல்கேட்டில் செல்வி ஏறியதும் அவளையும் கேட்டோம். வேலைக்குக் கிளம்புகிற பெண்கள் எதையாவது மறக்காமல் இருக்க முடியுமா? நாலு பேருக்குச் சமைத்து, ஐந்து பேரை எழுப்பி, ஓடி வருகிறவர்கள். அன்றிலிருந்து அது எங்கள் வேனின் வழக்கமாகிவிட்டது. ஏறுகிறவள் அன்றைய மறதியைப் பாட்டாகச் சொன்ன பிறகுதான் சீட்டில் உட்காரலாம்.

"கதவ சாத்தி பூட்ட மறந்தேன், பூட்டு என் பைக்குள்ள கீது!" இது செல்வி.

"பையன் டிபன் என் கையில, என் டிபன் அவன் பையில!" இது மும்தாஜ் அக்கா. அன்று அந்த இரண்டாம் கிளாஸ் பையன் பச்சை மிளகாய்த் தொக்கைத் தின்றுவிட்டு சாயங்காலம் வரை தண்ணீர் குடித்தானாம்.

காஞ்சனாவுடையதுதான் உச்சம். "ஒண்ணுத்தயும் மறக்கல நானு... இன்னிக்கு லீவுன்றதத் தவிர!" மெய்யாலுமே, தானே லீவு எழுதிக் கொடுத்திருந்த நாளில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்து வேனில் ஏறியவள் அவள்.

புதிதாக எதையும் மறக்காத நாளில் பழைய மறதியையே பாடுவார்கள். அப்படிச் சில வரிகள் நிலைத்துவிட்டன. நான் அவற்றுக்கு முன்னால் ஒரு பல்லவி சேர்த்தேன். அதைக் கல்மண்டபத்தில் ஏறியதும் காலி வேனில் பாடுவேன். பாட்டு தயார்!

அந்தப் பாட்டைத்தான் ஸ்டுடியோவுக்குக் கொண்டு போனேன். தனியாக. யாரிடமும் சொல்லாமல்.

ஏன் தனியாக? உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது... எனக்கு ஆசை. அந்தக் கண்ணாடி அறைக்குள் ஒரே ஒரு நாளாவது நான் மட்டும் ஆர்ட்டிஸ்ட்டாக நிற்க வேண்டும் என்று ஆசை. 'இன்டிபென்டென்ட் ஆர்ட்டிஸ்ட்' என்று என் பேருக்குக் கீழே போட்டிருக்கிறேன் அல்லவா? யாரையும் சாராதவள். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனால் அது டூர் மாதிரி இருக்காதா?

அதனால் ஸ்டெல்லா அக்காவின் குழம்பு, செல்வியின் பூட்டு, மும்தாஜ் அக்காவின் டிபன், காஞ்சனாவின் லீவு, அத்தனையையும் நானே பாடினேன். பிரவீன் என்னை டாக்டரிடம் போகச் சொன்னார்.

"வேற வேற குரல் வேணும் சிஸ்டர். இது ஒருத்தி சமாச்சாரம் இல்ல" என்றார். அவர் சொன்னது சரி என்று ராயபுரம் பாலம் ஏறுவதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. சரி, இதில் என்ன கஷ்டம்? நாளைக்கே எல்லோரையும் கூப்பிட்டுவிட்டால் போச்சு.

திங்கட்கிழமை காசிமேட்டில் ஸ்டெல்லா அக்கா ஏறியதும் ஆரம்பித்தேன். "அக்கா, நேத்து ஸ்டுடியோவுல நம்ம பாட்ட பாடிட்டு வந்தேன்!"

"நம்ம பாட்டா? நான் எங்க பாடுனேன்?"

"நான் பாடினேன்கா. எல்லா வரியும்."

"என் வரியும்?"

"ஆமாக்கா. ஆனா அது சரியா வரல, அதான் அடுத்த ஞாயித்துக்கெழம நீங்க எல்லாரும்..."

அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"என் கொழம்ப நீ எதுக்குடி பாடுன?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"வெடிகாலைல எழுந்து மீன் கழுவுனது நானு. மறந்துட்டு வயிறெரிஞ்சது நானு. நீ போயி மைக்குல பாடிட்டு வர்ற. சரியா வரலன்னு இப்ப எங்கள கூப்புடுற. சரியா வந்திருந்தா?"

சரியாக வந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் காசிமேட்டில் வழக்கம்போலக் கேட்டேன்: "இன்னாத்த மறந்த?" அக்கா பாடவில்லை. "ஒண்ணும் மறக்கல" என்று பேச்சாகச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். டோல்கேட்டில் ஏறிய செல்வி அவர் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "நானும் ஒண்ணும் மறக்கல" என்றாள். தேரடியில் அதே. எர்ணாவூரில் அதே. புதன்கிழமை யாரும் யாரையும் கேட்கவே இல்லை.

எட்டு மாதமாக ஒரு நாள் விடாமல் ஓடிய பாட்டு, நான் அதை ரெக்கார்ட் செய்யப் போனதும் நின்றுவிட்டது. அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டுடியோ போனால் போகட்டும், இந்த நாலு பேர் திரும்பப் பாடினால் போதும் என்றிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வியாழக்கிழமை கல்மண்டபத்தில் ஏறி உட்கார்ந்தேன். காலி வேன். பல்லவி பாடவில்லை. சேகர் அண்ணன் வண்டியை எடுக்காமல் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இன்னாமா மறந்த?"

ஊர்ப் பெயர் அல்லாத ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். அதோடு இன்னொன்றும் உறைத்தது. எட்டு மாதத்தில் என்னை யாரும் அந்தக் கேள்வி கேட்டதே இல்லை! முதலில் ஏறுபவளைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

"ஸ்டெல்லா அக்காவ மறந்துட்டேண்ணா" என்றேன்.

அவர் வண்டியை எடுத்தார். காசிமேடு வந்தது. வழக்கம்போலக் கூவினார். அக்கா படியில் கால் வைத்ததும், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "யம்மா, இந்தப் பொண்ணு உன்ன மறந்துட்ச்சாம். இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாம்."

அக்கா படியிலேயே நின்றார்.

"அண்ணா, என்னை மறந்தா கூட வுட்டுடுவேன். என் கொழம்ப மட்டும் மறக்காம எடுத்துகினு போயிருக்கா பாரு... அதத்தான் தாங்க முடியல!"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. எழுந்து போய் அவர் பையை வாங்கிக்கொண்டேன். "தப்பு பண்ணிட்டேன்கா" என்றேன். "ஆமா, பண்ணிட்ட. ஒத்திக் குந்து" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். டோல்கேட் வந்தபோது செல்வியைக் கேட்டது ஸ்டெல்லா அக்காதான். மெட்டோடு.

ஆக, அடுத்த ஞாயிறு ஐந்து பெண்களும் ஸ்டுடியோ படி ஏறினோம். கீழே ஒரு தூத்துக்குடி அண்ணாச்சியின் மிளகாய் மண்டி. மற்ற நாளில் மூட்டை இறக்கினால் மேலே பாடுகிறவர்கள் தும்முவார்கள் என்பதால் ஞாயிறு மட்டும்தான் ரெக்கார்டிங். சேகர் அண்ணனும் வந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பிரவீன் பக்கத்து சோஃபாவில் உட்கார்ந்துவிட்டார்.

பிரவீனுக்கு ஏக உற்சாகம். ஐந்து பேரையும் ஒரே அறையில் நிற்க வைத்தார். "நான் கண்ணாடி வழியா கை காட்டுவேன். யாருக்குக் காட்டுறேனோ அவங்க பாடணும். ரொம்ப ஈஸி."

ஈஸியா? முதல் டேக்கில் செல்வியும் ஸ்டெல்லா அக்காவும் ஒரே நேரத்தில் பாடினார்கள். இரண்டாவது டேக்கில் காஞ்சனா பல்லவிக்கு நடுவிலேயே லீவை மறந்தாள். மூன்றாவதில் மும்தாஜ் அக்காவுக்குப் பிரவீன் ஒரு கை காட்டினார், இரண்டு கை காட்டினார், கடைசியில் எழுந்து நின்று கும்பிட்டார். அக்கா அசையவே இல்லை.

"அக்கா, ஏன் பாடல?"

"தேரடி வரலியே தம்பி" என்றார் மும்தாஜ் அக்கா, ரொம்பப் பாவமாக.

பிரவீன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏழு டேக் போனது. ஒன்றும் உருப்படியாக வரவில்லை. மறுபடியும் போச்சா? இவர்களைக் கூட்டி வந்து கஷ்டப்படுத்துகிறோமே என்ற கவலை வேறு.

அப்போது சோஃபாவில் இருந்து குரல் வந்தது. "தம்பி, கை காட்டுனா இவங்களுக்குத் தெரியாது. ஸ்டாப்ப சொல்லணும்."

பிரவீன் திரும்பிப் பார்த்தார்.

"அப்பால, எல்லாரையும் உள்ள நிக்க வச்சா எப்டி? ஏறாதவ எப்டி பாடுவா? வெளிய நிக்க வையி. ஒண்ணொண்ணா ஏத்து."

எனக்குச் சட்டென்று விளங்கியது. எங்கள் பாட்டை முழுசாகத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான்! நான் ஒருத்தி, சேகர் அண்ணன் இன்னொருவர். டோல்கேட்டில் ஏறுபவளுக்கு டோல்கேட்டுக்கு முன்னால் நடப்பது எப்படித் தெரியும்? காஞ்சனா எட்டு மாதமாக அந்தப் பாட்டின் வாலை மட்டுமே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். சாயங்காலம் திரும்பும்போது பாடலாமே என்று கேட்காதீர்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிற வேனில் குறட்டைதான் பாட்டு.

"டிரைவர் சாரே... நீங்களே ஓட்டுங்க" என்று பிரவீன் உள்ளறைக்குப் பேசுகிற மைக்கை அவரிடம் கொடுத்துவிட்டார்.

நால்வரும் தோளில் பையோடு வெளியே வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். பை இல்லாமல் பாட வராது என்று செல்வி சொல்லிவிட்டாள். நான் மட்டும் உள்ளே. பல்லவியை ஆரம்பித்தேன். காலி வேன், விடிகிற நேரம், நானும் சேகர் அண்ணனும். கண்ணை மூடினால் அதே கல்மண்டபம்.

பல்லவி முடிகிற இடத்தில் ஹெட்போனில் இடி விழுந்தது.

"காசிமேடு! காசிமேடு!"

மைக் இருப்பதை அண்ணன் மறந்துவிட்டார். வராந்தா வரை கேட்கிற குரலில் கூவினார். ஸ்டுடியோவின் கனமான கதவு கிறீச்சென்று திறந்தது. "ஐயோ, கதவுச் சத்தம்!" என்று பிரவீன் வாயசைத்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஆனால் ஸ்டெல்லா அக்கா ஏறிவிட்டார். நான் கேட்டேன், அவர் பாடினார். அந்தக் குழம்பு என் வாயில் வெறும் வார்த்தையாக இருந்தது. அவர் வாயில் மணத்தது!

"டோல்கேட்டு!" கதவு. செல்வி. இப்போது கேட்பவர்கள் இரண்டு பேர்.

"தேரடி, தேரடி!" கதவு. மும்தாஜ் அக்கா. அரை நொடிகூடப் பிசகவில்லை.

"எர்ணாவூரு! கடைசி!" கதவு. காஞ்சனா பாடி முடித்தபோது ஐந்து பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சிரிப்பும் ரெக்கார்ட் ஆகியிருக்கிறது.

ஒரே டேக்!

பிரவீன் ஹெட்போனைக் கழற்றினார். "கதவுச் சத்தத்தை எடுத்துடலாம், ஸ்டாப் சொல்றதையும் எடுத்துடலாம்..." என்று ஆரம்பித்தவர் தானே நிறுத்திக்கொண்டார். "சேச்சே. எதையும் எடுக்கக் கூடாது."

எல்லோரும் சோஃபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்து கேட்டோம். பல்லவி ஓட ஆரம்பித்ததும் காஞ்சனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஸ்டெல்லா அக்கா வந்தார், செல்வி வந்தாள். காஞ்சனாவின் கண் விரிந்துகொண்டே போனது.

"இன்னாக்கா இது... எனக்கு முன்னாடி இவ்ளோ பாட்டு ஓடிகினு கீதா? நான் ஏறுனப்பதான் நீங்க ஆரம்பிக்கிறீங்கன்னுல்ல நெனச்சிகினு இருந்தேன்!"

மும்தாஜ் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் தனியாகப் பாடிய ஒரு நாளும் இருந்ததில்லை. காஞ்சனாவைப் போலத்தான் நானும், பாட்டு என்னிடம் இருந்துதான் ஆரம்பிக்கிறது என்று நினைத்திருந்தேன். நாம் எல்லோரும் ஏதோ ஒரு ஸ்டாப்பில் ஏறியவர்கள்தானே?

பாட்டுக்குக் கீழே யார் பெயர் போடுவது என்று பிரவீன் கேட்டார். ஐந்து பேர் பெயரையும் ஏறுகிற வரிசையில் எழுதிக் கொடுத்தேன். "இன்டிபென்டென்ட் ஆர்ட்டிஸ்ட்னு போடட்டுமா?" என்றார். ஒரு டிரைவர் உட்பட ஐந்து பேரைச் சார்ந்து நிற்கிற என்னைப் போல ஒரு இன்டிபென்டென்ட் ஆர்ட்டிஸ்ட் உண்டா? அந்த வரி வேண்டாம் என்றேன்.

இந்த வாரம் திங்கட்கிழமை, பாட்டை வேனில் போட்டுக் காட்ட ஸ்பீக்கரோடு ஏறினேன். சேகர் அண்ணன் கல்மண்டபத்தில் போட விடவில்லை. "எல்லாம் ஏறட்டும். அந்த எர்ணாவூரு பொண்ணும் ஏறட்டும்" என்று சொல்லிவிட்டார். எர்ணாவூர் தாண்டியதும் போட்டேன்.

ஸ்பீக்கரில் ஸ்டெல்லா அக்காவின் குரல் வஞ்சிரக் குழம்பை ஆரம்பித்தது. அக்கா பட்டென்று கை நீட்டி அதை நிறுத்தினார்.

"அது பழசுடி. இன்னிக்கி இன்னா மறந்தேன்னு கேக்கவே இல்லியே நீங்க?"

கேட்டோம். ஒரு காலில் சிவப்புச் செருப்பும் இன்னொரு காலில் அவர் வீட்டுக்காரரின் நீலச் செருப்புமாக அவர் எழுந்து நின்று பாட ஆரம்பித்தார்.

பாட்டு வெளியாக இன்னும் ஒரு வாரம் இருக்கிறது... அதற்குள் எங்கள் வேனில் அது பழைய பாட்டு!